தண்டனையும் மனந்திரும்புதலும்

துன்பம் வரும்போது மனிதன் கேட்கும் முதற்கேள்வி, ‘இது எந்தப் பாவத்திற்கான தண்டனை?’ என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. துன்பம் தனக்கு வந்தால் அக்கேள்வி அச்சமாகிறது. பிறருக்கு வந்தாலோ தீர்ப்பாகி விடுகிறது. இறைவனை நீதிபதியாகவும் தந்தையாகவும் ஒருங்கே வணங்குவது கிறிஸ்தவ சமயம். அது இக்கேள்வியை அணுகும் விதம் நம் சிந்தனைக்கு உரியது.

1755-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் காலை, போர்ச்சுகல் தலைநகரான லிஸ்பனைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அன்று புனிதர் அனைவரின் திருநாள். மக்கள் வழிபாட்டிற்குக் கூடியிருந்த தேவாலயங்கள் இடிந்து விழுந்தன. கடல் பொங்கிக் கரையேறியது. எஞ்சியதைத் தீ பல நாட்கள் எரித்தது. பல்லாயிரம் பேர் மாண்டனர். மறு ஆண்டு கப்ரியேல் மலாகிரிதா என்ற இயேசு சபைத் துறவி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அழிவுக்குக் காரணம் இயற்கையன்று, மக்களின் பாவங்களே என்று அவர் அதில் வாதிட்டார். ஆயின், தொழுத கைகளுடன் மாண்டவர்களும் பச்சிளங்குழந்தைகளும் செய்த பாவந்தான் என்ன என்ற கேள்வி எவர் நெஞ்சிலும் எழாமல் இராது.

இதையொத்த கேள்வி இயேசுபெருமானின் முன்னும் எழுந்தது. லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம் அதைக் கூறுகிறது. பலி செலுத்த வந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து கொல்வித்த செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவந்தனர். சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை அவரே அவர்களுக்கு நினைவூட்டினார். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரும்பாவிகள் என்ற எண்ணத்தை அவர் திட்டவட்டமாக மறுத்தார். ஆனால் அத்துடன் அவர் நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் மனந்திரும்பாவிடில் அழிவையே அடைவர் என்று எச்சரித்தார். பிறரை நோக்கி நீண்ட விரல், இவ்வாறு அவரவர் நெஞ்சை நோக்கித் திருப்பப்பட்டது.

உடனே அவர் ஒரு உவமையையும் கூறினார். மூன்றாண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடும்படி அதன் உரிமையாளர் சொல்கிறார். தோட்டக்காரனோ, கொத்தி எருவிட்டுப் பார்க்க இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறான். கோடரி உண்டு என்பதை உவமை மறைக்கவில்லை. ஆயினும் கோடரிக்கும் மரத்திற்கும் இடையே கருணை நின்று பரிந்து பேசுகிறது.

விவிலியத்தில் கடுமையான தண்டனை வரலாறுகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் தண்டனை அறிவிப்பின் நோக்கம் என்ன என்பதை யோனாவின் வரலாறு விளக்குகிறது. நாற்பது நாளில் நினிவே அழியும் என்று அவர் அறிவித்தார். மக்கள் தீய வழிகளை விட்டுத் திரும்பினர், நகரம் பிழைத்தது. தாம் சொன்னது நடக்கவில்லையே என்று தீர்க்கதரிசி சினந்தார். இறைவனோ அம்மக்களுக்காக இரங்கினார். நிறைவேறாமற் போனதே அந்த எச்சரிக்கையின் வெற்றி.

மனந்திரும்புதலைக் குறிக்கப் புதிய ஏற்பாடு வழங்கும் கிரேக்கச் சொல் ‘மெட்டனோயா’. உள்ளம் மாறுதல் என்பது அதன் பொருள். ஆகவே அழுவதும் வருந்துவதும் மட்டுமே மனந்திரும்புதல் ஆகிவிடா. வரி வசூலித்து வந்த சகேயு, தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்கு அளிக்கவும், வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வந்தான். அவனது மாற்றம் அவனது பணப்பையையும் தொட்டது. 1517-இல் மார்ட்டின் லூதர் முன்வைத்த 95 கருத்துகளில் முதலாவதும், விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதையே வலியுறுத்தியது.

இங்கு விசுவாசத்தின் இடம் யாது? சீடர்கள் இருவரை எண்ணிப் பார்ப்போம். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்குத் தம் குருவைக் காட்டிக் கொடுத்தான். பேதுருவோ அதே இரவில், அவரை அறியவே அறியேன் என்று மும்முறை மறுத்தார். இருவரும் வருந்தினர். யூதாஸ் தன் குற்றத்தை வாய்விட்டு ஒப்புக்கொண்டான். காசுகளையும் திருப்பி எறிந்தான். ஆயினும் தனக்கு மன்னிப்பு உண்டு என்று அவனால் நம்ப இயலவில்லை; தன் தண்டனையைத் தானே எழுதிக்கொண்டான். பேதுரு மனங்கசந்து அழுதார். ஆனால் குருவை விட்டு நீங்கிவிடவில்லை. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவரிடம், தம்மை நேசிக்கிறாரா என்று மும்முறை கேட்டார். மறுத்த வாய் மும்முறையும் அன்பை அறிக்கையிட்டது. தம் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பை அவரிடமே பெருமான் ஒப்படைத்தார்.

குற்றவுணர்வு மனிதனைத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கச் செய்கிறது. விசுவாசம் அவனை இறைவனைப் பார்க்கச் செய்கிறது. வருத்தத்தோடு இந்த நம்பிக்கையும் சேரும்போதுதான் திரும்பி நடக்கக் கால்களுக்கு வலிமை பிறக்கிறது. தண்டனைக்கு அஞ்சித் தீமையை விடுபவன் நல்ல தொடக்கம் செய்கிறான். அன்பின் பொருட்டு அதை விடுபவனோ தந்தையின் வீட்டை அடைந்து விடுகிறான்.

ஆகவே பிறர் துயரில் வீழ்ந்திருக்கக் காணும்போது, அவர்களது பாவக்கணக்கை எழுத முற்படாமல் கைகொடுத்துத் தூக்குவோம். நம் துயரத்தில், நாம் திருத்திக்கொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா என்று அமைதியாக ஆராய்வோம். உண்டெனில் இன்றே திரும்புவோம். தோட்டக்காரன் கேட்டுப் பெற்ற தவணை, நம் கையிலிருக்கும் இந்த நாளேயாகும்.