மேப்பிள் பீரில் வெந்தயம்

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு பாட்டில் மேப்பிள் பாகு கொண்டுவந்து கொடுப்பார். நாங்கள் வெர்மான்டில் குடியேறிய முதல் வருடம் தொடங்கிய வழக்கம். அவர் வீட்டுக்குப் பின்னால் முப்பது மரங்கள் நிற்கின்றன. பிப்ரவரி கடைசியில், இரவில் உறைந்து பகலில் உருகுகிற நாட்கள் வந்ததும் மரங்களில் துளையிட்டு வாளிகளை மாட்டிவிடுவார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. முழங்கால் வரைக்கும் பனியில் புதைய, இரண்டு கையிலும் வாளியோடு அவர் நடப்பதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். 40 லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். மிச்சமெல்லாம் ஆவி.

வீட்டில் பீர் காய்ச்சுவது என் பொழுதுபோக்கு. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின் புண்ணியத்தில் அமெரிக்காவில் இது குற்றமில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “சாராயம் காய்ச்சுறதுக்கு சட்டம் வேற படிச்சிருக்கியால?” என்றாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்தப் பாகை பீரில் போட்டேன். அடர்நிறப் பாகு, ஒரு லிட்டர் முழுதும். மால்ட் சாறு ஆறியபின் ஊற்றினேன், வாசனை போகக் கூடாதென்று. மூன்று வாரம் கழித்துத் திறந்து குடித்தால், மேப்பிள் இல்லை. ஏதோ மரப்பட்டையை நனைத்தது போல லேசான ஒரு கசப்பு, அவ்வளவுதான்.

காரணம் எளிது. மேப்பிள் பாகின் இனிப்பு ஏறக்குறைய முழுக்கச் சுக்ரோஸ். ஈஸ்ட்டுக்கு அது கல்யாணச் சாப்பாடு. சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்து, துளி மிச்சம் வைக்காமல் தின்று, சாராயமும் கரியமில வாயுவும் ஆக்கிவிடும். குமிழியாக வெளியேறும் வாயு வாசனையிலும் பெரும்பங்கை வாரிக்கொண்டு போய்விடுகிறது. தேனுக்கும் இதே கதிதான். கரும்புச் சக்கரைக் கழிவான மொலாசஸ் போட்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஈஸ்ட்டுக்கு ஆகாத சரக்கு அதில் நிறைய உண்டு. பாலில் இருக்கும் லாக்டோஸை ஈஸ்ட் தொடவே தொடாது, அதனால் மில்க் ஸ்டவுட் இனிக்கிறது. மேப்பிள் போன்ற சுத்தமான பண்டம்தான் முதலில் காணாமல் போகிறது.

அந்த வருடம் அம்மா எங்களோடு இருந்தாள். காலி பாட்டிலை மோந்துவிட்டு, “வெந்தயக்களி மாதிரில்லா இருக்கு!” என்றாள். சிரித்தேன். பிறகு தேடிப் பார்த்தால் அம்மா சொன்னது வேதியியல். வெந்தயத்தின் வாசனைக்கு முக்கியக் காரணம் சோட்டோலோன் என்ற சேர்மம். மேப்பிள் பாகிலும் அது இருக்கிறது. செயற்கை மேப்பிள் பாகுக்கு வாசம் ஏற்ற வெந்தயச் சாறு பயன்படுகிறது. 2005இலிருந்து நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது காற்றில் மேப்பிள் வாசம் வந்து ஜனங்கள் பயந்துபோய் அதிகாரிகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில், வெந்தயம் பதப்படுத்திய ஓர் ஆலையிலிருந்து வந்தது என்று 2009இல் கண்டுபிடித்தார்கள்.

பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதியாம். நானும் செய்தேன். பீரில் பாதியைத் தனிக் குடுவையில் பிரித்து, ஒரு ஸ்பூன் வெந்தயத்தை லேசாக வறுத்து, நசுக்கி, வோட்காவில் ஊறவைத்து அதில் சேர்த்தேன். அடுத்த வாரம் திறந்தால் மேப்பிள் மணக்கிறது. அம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்த வெந்தயம்.

பெரியவருக்கு இரண்டிலும் ஒரு பாட்டில் கொடுத்தேன். முதலாவதை ஒரு வாய் குடித்து, தலையாட்டி, ஓரமாக வைத்தார். இரண்டாவதைக் குடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இதுதான் என் மரம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பொய் சொல்லவில்லையே என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் தொழிலும் அதற்குத் தோதானது. உள்ளே என்ன நடக்கிறதென்று யாரும் கேட்பதில்லை, கொடுத்ததற்குச் சரியான விடை வெளியே வந்தால் டெஸ்ட் பாஸ். மேப்பிள் போட்டேன், மேப்பிள் மணக்கிறது. இடையில் ஒரு ஸ்பூன் வெந்தயம் இருந்தால் யாருக்கு நஷ்டம்?

அம்மாவுக்கு ஊர் உடன்குடிப் பக்கம். கருப்பட்டியில் சீனி கலக்கிறார்கள் என்பது அங்கே பழைய புகார். ஒரு தடவை அப்படி ஏமாந்து வந்து திட்டிக்கொண்டிருந்தாள். “ருசி அதேதானம்மா?” என்றேன். “ருசிக்கா துட்டு குடுத்தேன்? பனை ஏறுனவனுக்குல்லா குடுத்தேன்” என்றாள். நாக்கு கண்டுபிடிக்காததை ஆய்வகம் கண்டுபிடிக்கும். கரும்பின் கார்பன் ஐசோடோப்பு விகிதம் பனையினுடையதைப் போல இருக்காது, மேப்பிளினுடையதைப் போலவும் இருக்காது. ஆனால் அம்மா பேசியது கார்பனைப் பற்றி இல்லை.

அம்மாவின் கணக்கை என் பாட்டில்களுக்குப் போட்டுப் பார்த்தால் குழப்பம்தான் வருகிறது. கலப்படக் கருப்பட்டியில் ருசி இருக்கிறது, ஏறியவனின் உழைப்புக் குறைகிறது. பெரியவர் ஓரமாக வைத்த பாட்டிலிலோ உழைப்பு முழுசாக இருக்கிறது. பனியில் நடந்தது, விறகு வெட்டியது, ராத்திரி கண்விழித்தது எல்லாம் சாராயமாக மாறி அதற்குள்ளே இருக்கிறது. வாய் திறந்து சொல்லத்தான் அதற்கு வழியில்லை. வெந்தயம் அதற்காகப் பேசியது என்று வைத்துக்கொள்ளலாமா? எனக்கு இந்த வாதம் பிடித்திருந்தது. சாட்சி சொல்லத் தெரியாதவனுக்கு ஒரு வக்கீல். ஆனால் வக்கீல் வைத்திருக்கிறோம் என்று கட்சிக்காரருக்குத் தெரிய வேண்டாமா? அவர் மரம், அவர் பாகு. ஈஸ்ட் கையில் அது என்னவாகிறது என்று தெரிந்துகொள்ள என்னைவிட அவருக்கு உரிமை அதிகம். அதை மறைத்துவிட்டு, அவர் பாகைப் பற்றி அவருக்கே ஒரு கற்பனையைக் கையில் கொடுத்திருக்கிறேன்.

இதெல்லாம் யோசனையாகவே போயிருக்கும். போன ஏப்ரலில் அவர் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். சாறு குறைந்த வருடம். தங்கைக்கு அனுப்புவதை இந்த முறை நிறுத்திவிட்டதாகவும், ஒன்று பீருக்கென்றே எடுத்துவைத்ததாகவும் சொன்னார். 40 லிட்டர் சாறு, ஈஸ்ட் தின்று தீர்ப்பதற்காக. வாங்கி மேஜையில் வைத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு பாட்டிலையும் வெந்தய டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை, வேதியியலில் ஆரம்பித்து மன்னிப்பில் முடித்தேன். அவர் நாலு வெந்தயத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தார். கொஞ்சநேரம் பேசவில்லை. காது சிவந்திருந்தது. கோபமா வெட்கமா, தெரியவில்லை.

“அந்த ருசியில்லாதது மிச்சம் இருக்கா?” என்று கேட்டார்.

ஒன்று இருந்தது. போய் எடுத்துவந்தேன். இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்தோம். இந்த முறை ஓரமாக வைக்காமல் மெதுவாக முழுதும் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது பாகு பாட்டிலைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார்.

“பீருக்குக் கடைச் சக்கரை போடு. இதை உன் பிள்ளைகளுக்கு பான்கேக்கில் ஊற்று” என்றார். பிறகு, டப்பாவைக் காட்டி, இதை வைத்து அம்மா என்ன செய்வாள் என்று கேட்டார். வெந்தயக்களியை ஆங்கிலத்தில் விளக்க எனக்குக் கொஞ்சநேரம் பிடித்தது.