வகுப்பறையிலிருந்து வழக்குமன்றத்துக்கு

ஆசிரியப் பணியை விட்டுக் கல்விச் சட்டத்துறைக்கு வருபவருக்கு உள்ள மூலதனம் வகுப்பறை அனுபவம்தான். நீதியை நாடும் இடத்தில் அந்த அனுபவம் அறிவா, சார்பா? இளைஞன் கணிதத்தில் தேறிவிடலாம், நடைமுறை விவேகத்தில் தேற முடியாது என்றார் அரிஸ்டாட்டில். விவேகம் தனித்தனி நிகழ்வுகளைப் பற்றியது. அது பழகப் பழகத்தான் கைவரும். சட்டமோ பொதுவாகப் பேசுவது. பொதுவிதி பொருந்தாமல் போகும் இடத்தில் அதைச் சரிசெய்வதும் நீதியே என்பது அவர் கொள்கை.

பொதுவிதியைத் தனிக் குழந்தைக்குப் பொருத்தும் அறிவு யாருடையது என்ற கேள்வி அமெரிக்காவில் வழக்காகவே வந்தது. உடல், மனக் குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தகுந்த கல்வியை இலவசமாகத் தர வேண்டும் என்று 1975-ல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் ஏமி ரௌலி என்ற செவித்திறன் குறைந்த சிறுமிக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று பெற்றோர் கேட்டனர். சிறுமி நன்றாகவே தேர்ச்சி பெற்று வந்தாள். ஆனாலும் வகுப்பில் பேசப்பட்டதில் கணிசமான பகுதி அவளைச் சென்றடையவில்லை. 1982-ல் உச்ச நீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. கற்பிக்கும் முறையைத் தீர்மானிக்கும் நிபுணத்துவம் நீதிபதிகளுக்கு இல்லை, அதைப் பள்ளியிடமே விட வேண்டும் என்றது.

முன்னாள் ஆசிரியரின் தகுதி பயன்படுவது இங்கேதான். பள்ளி முன்வைப்பது உண்மையான கல்வி முடிவா, ஆள் பற்றாக்குறைக்குப் போர்த்திய போர்வையா என்று அவருக்குத் தெரியும். கொலராடோவைச் சேர்ந்த எண்ட்ரூ என்ற ஆட்டிசம் கொண்ட சிறுவனின் தனிக்கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இலக்குகளே திரும்ப எழுதப்பட்டிருந்தன. அத்தகைய திட்டத்தை எழுதிப் பழகியவர் கண்ணுக்கு, பிள்ளை முன்னேறவில்லை என்ற ஒப்புதல் அதிலேயே தெரியும். பெயரளவு முன்னேற்றம் போதாது என்று அவன் வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஆனால் உள்ளே இருந்து பார்த்தவரின் பார்வை ஒருபக்கம் சாயவும் கூடும். உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் பவல் ஆசிரியராக இருந்தவரல்ல. ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத் தலைவராக இருந்தவர். மாணவரை இடைநீக்கம் செய்யுமுன் குறைந்தபட்ச விசாரணையாவது வேண்டும் என்ற 1975-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அவர் மாறுபட்டார். பள்ளியில் மாணவரை அடிப்பது அரசமைப்புச் சட்டம் தடுக்கும் கொடூரத் தண்டனை ஆகாது என்ற 1977-ஆம் ஆண்டுப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. பள்ளி நிர்வாகத்தின் நல்லெண்ணத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கையை அவருடைய பழைய பதவியோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

சார்பைவிடச் சிக்கலானது கடமை மாற்றம். ஆசிரியருக்கு வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் பொறுப்பு. ஒருவருக்குக் கூடுதலாகத் தரும் நேரம் மற்றவர்களுடையது. வழக்கறிஞருக்கோ கட்சிக்காரரின் நலனே முதன்மை. மற்றப் பிள்ளைகளின் பங்கைப் பற்றி வாதாடுவது எதிர்த்தரப்பின் வேலை. குழந்தை கொடுமைப்படுத்தப்படுவதாகச் சந்தேகம் எழுந்தால் அமெரிக்க ஆசிரியர் அதை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதே செய்தி கட்சிக்காரர் வாயிலாக வந்தால், பல மாநிலங்களில் வழக்கறிஞர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். விதிவிலக்குகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புதிதாக வரும் ஆசிரியர் தாம் தொழில் செய்யப்போகும் மாநிலத்தின் விதியை முதல் வழக்குக்கு முன்பே படித்தாக வேண்டும்.