சிவப்புப் பொட்டு

சமையல் மேடைக்குக் கல் பார்க்கப் போயிருந்தோம். கடைக்காரர் ஒரு வெள்ளைக் கல்மேல் சொம்புத் தண்ணீரை வீசினார். ஈரம் பட்டதும் மிளகளவில் சிவப்புப் பொட்டுகள் எழுந்தன.

"துருவா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, கல்லோட குணம்."

காஷ்மீர் ஒயிட் என்று பெயர். வெட்டுவது மதுரைப் பக்கம். காஷ்மீருக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. பொட்டு என்னவோ கார்னெட். நகைக்கடையில் கோமேதகம் என்று விற்கிறார்களே, அதே குடும்பம்.

அந்தப் பொட்டு வந்த கதை இது. ஒரு காலத்தில் வண்டலாகப் படிந்த களிமண் புதைந்து புதைந்து இருபது கிலோமீட்டருக்கும் கீழே போனால், சூட்டில் அதில் காக்காப்பொன் விளைகிறது. காக்காப்பொன்னுக்குள் கொஞ்சம் நீர் கட்டுண்டு கிடக்கும். சூடு 800 டிகிரியை நெருங்கும்போது அது சிதைந்து நீரை விட்டுவிடுகிறது. நீர் கிடைத்த பாறை சீக்கிரம் இளகும், ஆனால் முழுசாக உருகாது. வெண்ணெய் காய்ச்சும்போது நெய் பிரிந்து கசண்டு தங்குகிறதல்லவா, அதே கதைதான். வெங்கச்சாங்கல்லும் பெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் உருகிக் குழம்பாகும். காக்காப்பொன்னில் இருந்த இரும்பும் மக்னீசியமும் கார்னெட்டாகி நிற்கும். குழம்பு லேசானது, மேலேறும். ஏறி ஆறினால் கிரானைட். ஏற முடியாமல் நின்ற இடத்திலேயே உறைந்தால் கருப்பும் வெளுப்பும் பின்னிய பாறை. பின்லாந்தின் நிலவியலாளர் செடர்ஹோம் 1907-இல் அதற்குக் கலவை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்து மிக்மடைட் என்று பெயரிட்டார்.

கிரானைட் உருகிப் பிறந்ததா, பழைய பாறை உருகாமலே அப்படி மாறியதா என்று நிலவியல்காரர்கள் போன நூற்றாண்டில் பெரிய சண்டையே போட்டிருக்கிறார்கள். 1958-இல் டட்டில், போவன் என்ற இரு ஆய்வாளர்களும் அழுத்தமும் நீரும் சேர்த்துச் சோதனைக்கூடத்தில் உருக்கிக் காட்டிய பிறகு சத்தம் குறைந்தது. மதுரைப் பக்கத்துப் பாறைகள் அப்படி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்.

கல் வீட்டுக்கு வந்தது. சிங்குக்காகக் கொத்தனார் அறுத்தெடுத்த துண்டில் மட்டும் ஏழு பொட்டு. அவர் அதை மூலையில் சாய்த்துவிட்டுப் போனார். மனைவி ஓரத்தைத் தேய்க்கச் சொல்லி, இப்போது அதில்தான் சப்பாத்தி திரட்டுகிறாள்.