எட்டு செல்களின் நலம்

வட்டக் குறி போட்ட விசையை அழுத்தி, பிறகு ‘பி’யைத் தட்டினால், விசைப்பலகைக்கு மேலே உள்ள சின்னத் திரையில் எட்டு பேட்டரி செல்களின் வோல்டேஜும் தனித்தனியாக வந்து நிற்கும். 3.3, 3.3, 3.2 என்று. அதைப் பார்த்த பிறகே காலை வேலையைத் தொடங்குகிறேன். மற்ற லேப்டாப்களில் ‘அறுபது சதவீதம்’ என்ற ஒற்றை எண்தான் வரும். எந்த செல் தளர்கிறது என்று தெரியாமல், ஒருநாள் மொத்த பேட்டரியையும் தூக்கி எறிவோம்.

என்னுடைய இந்த லேப்டாப்பின் பெயர் எம்என்டி ரிஃபார்ம். பெர்லினில் லூக்காஸ் ஹார்ட்மன் தொடங்கிய சிறு நிறுவனத்தின் வடிவமைப்பு. 2020இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தயாரிப்புக்குப் போனார்கள். போர்டின் சர்க்யூட் படம், அலுமினியக் கூட்டின் அளவுகள், விசைப்பலகைக்குள் ஓடும் நிரல் எல்லாமே பொதுவில் கிடைக்கின்றன. சர்க்யூட் படத்தைக் கிகேட் என்ற இலவச மென்பொருளில் எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். திருத்தியதை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். அடிமூடி கண்ணாடி போன்ற அக்ரிலிக் என்பதால் திருப்பிப் பிடித்தாலே போர்டு தெரிகிறது. கேமராவும் மைக்கும் உள்ளே கிடையாது. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. வீடியோவில் பேச வேண்டிய நாளில் வெளியிலிருந்து செருகிக்கொள்கிறேன். பேசி முடித்ததும் கழற்றிவிடுகிறேன்.

*

மெதுவான இயந்திரம்தான். 1.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு ஏ53 கோர்கள், 4 ஜிபி நினைவகம். நடுத்தர விலைக் கைப்பேசியே இதை முந்திவிடும். கனமான இணையப் பக்கங்களுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் டெபியன் இயங்குதளத்தில் தமிழ்99 விசையமைப்பை வைத்துக்கொண்டு எழுதுவதற்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. காத்திருக்கும் நேரத்தில் வேறு ஜன்னலுக்குத் தாவும் பழக்கம் தானாகவே குறைந்தது. ஒரு பக்கத்தைத் திறந்தால் அதைப் படிக்கிறேன். வேகம் தேவைப்படுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. செயலி தனி அட்டையில் உட்கார்ந்திருப்பதால், அந்த அட்டையை மட்டும் கழற்றிவிட்டு ஆர்கே3588 போன்ற புதிய செயலியைப் பொருத்தலாம். கூடும் திரையும் விசைப்பலகையும் அப்படியே இருக்கும்.

*

எங்கள் அரக்கோணத்திலிருந்து ராணிப்பேட்டை, ஆம்பூர் வரை தோலும் ஷூவும்தான் பலருக்குச் சோறு. இந்தப் பக்கத்து ஆட்கள் ஷூவைக் கையில் வாங்கியதும் திருப்பி அடியைப் பார்ப்பார்கள். சோல் ஒட்டியதா, வெல்ட் என்ற பட்டை வைத்துத் தைத்ததா? தைத்ததென்றால் தையலைப் பிரித்துப் புது சோல் போடலாம். பசையால் ஒட்டியது விட்டுப்போனால் பெரும்பாலும் அதோடு சரி. லேப்டாப்பையும் இப்போது நான் அப்படித்தான் திருப்பிப் பார்க்கிறேன். ஸ்குரூ எங்கே, பசை எங்கே?

ரிப்பேர் கடைக்காரர்களை நினைக்கும்போது மனம் கனக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலும் நம் ஊர்க் கடைவீதியிலும் நுண்ணோக்கி வைத்து, தூசி அளவு உதிரியைச் சால்டரிங் செய்து போர்டை உயிர்ப்பிக்கிறவர்கள் அவர்கள். அந்தக் கைத்திறனுக்குக் கிடைக்க வேண்டிய சர்க்யூட் படத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் தருவதில்லை. எங்கோ கசிந்த கோப்பைத் தேடிப் பிடித்து, அது இதே போர்டுதானா என்று ஒப்பிட்டு, பாதி ஊகத்தில் வேலை செய்கிறார்கள். ரிஃபார்மோடு அச்சிட்ட கையேடு வருகிறது. சர்க்யூட் படங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒருமுறை அதை ரிப்பேர் கடையில் விரித்துக் காட்டினேன். அங்கிருந்த அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு, மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். “எல்லாத்துக்கும் இப்படிக் குடுத்தா நாங்க எதையும் செத்துப்போச்சுன்னு சொல்ல மாட்டோமே சார்” என்றார்.

*

எல்லாம் திறந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. செயலிச் சிப்பின் உள்வடிவத்தை அதைச் செய்த என்எக்ஸ்பி நிறுவனம் பொதுவில் வைக்கவில்லை. நினைவகத்தை முதலில் எழுப்பும் சிறு நிரலும் மூடியதுதான். திறந்த போர்டின் நடுவே ஒரு கறுப்புச் சதுரம்.

அந்தச் சதுரத்தையும் திறக்கும் வேலை இங்கிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர் தொலைவில், சென்னை ஐஐடியில் நடக்கிறது. பேராசிரியர் காமகோடியின் குழு ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியின்மேல் சக்தி செயலிகளை உருவாக்கி, வடிவமைப்பை யாரும் எடுத்தாளும் உரிமத்தில் வைத்தது. 2018இல் அந்தச் செயலிகளில் ஒன்று சிப்பாக வந்து லினக்ஸை ஓட்டியது. அதே ஆண்டில் சண்டிகரை ஒட்டிய மொகாலியில் உள்ள அரசுக் கூடத்தில், 180 நானோமீட்டர் அளவில், ஒரு சக்தி சிப் இந்தியாவிலேயே அச்சானது. லேப்டாப்புக்குள் வரும் தூரம் இன்னும் அதிகம். ஆனாலும் பாதை நம் ஊர்ப் பக்கமே ஓடுகிறது.

*

ரிஃபார்ம் ஏழைக்கு எட்டும் விலையில் இல்லை. சிறு எண்ணிக்கையில் செய்யும் பொருள் மலிவாக இருக்காது. விலையைக் குறைக்கும் பலம் லட்சக்கணக்கில் வாங்குகிறவருக்குத்தான் உண்டு, தமிழ்நாட்டில் அப்படி வாங்குவது அரசு. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. 2025 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினிக் கருவி தருவதாக அறிவித்தார்கள். இனி வரும் ஒவ்வொரு டெண்டரிலும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: போர்டின் சர்க்யூட் படத்தையும் உதிரிப் பட்டியலையும் பொதுவில் வைக்கும் நிறுவனத்துக்கே ஆர்டர். டெண்டர் எழுதும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து அந்த ஒரு வரியைச் சேருங்கள்.