துண்டுக்கடியில் ஒரு பேரம்

பெர்லின் நகரில், பொருளாதார அமைச்சரகத்தின் கட்டிடத்திலே, 2016 பிப்ரவரி முதல் நாளன்று ஓர் அறை திறக்கப்பட்டது. உள்ளே எட்டே கணிப்பொறிகள். நுழையுமுன் கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும். காவலர் கண்ணெதிரே அமர்ந்திருப்பார். இரண்டு மணி நேரம் படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்ளக் கூடாது. உதவியாளரை உடனழைத்துச் செல்லலாகாது. வெளியே வந்த பின்னரோ, படித்தது இன்னதென்று வாய் திறக்கக் கூடாது!

இத்தனை கட்டுக்காவலும் யாருக்கு? ஒற்றருக்கா, கைதிக்கா? இல்லை, தோழர்களே! ஜெர்மன் மக்கள் வாக்களித்து அனுப்பிய 600-க்கு மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு! அவர்கள் படிக்கச் சென்றது போர்த்திட்டமும் அன்று. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் 2013 முதல் பேசிவந்த வாணிப உடன்படிக்கையின் வரைவு. உணவுப் பண்டத்துக்கு என்ன விதி, இரசாயனப் பொருளுக்கு என்ன சோதனை, அயல்நாட்டு முதலாளி ஓர் அரசின்மீது எந்த மன்றத்திலே வழக்குத் தொடுப்பது—அந்தப் பேச்சிலே அடங்கியவை இவை. அடுப்படி வரை வந்து சேரும் செய்திகள். அவற்றைப் படிக்கப் பிரதிநிதிக்கு உரிமை உண்டு, பேச உரிமை இல்லை! கருவறைக்குள் செல்வோன்கூட வெளியே வந்து கண்டதைச் சொல்லலாம்.

ஆளவந்தார் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். பேரம் பேசுவோன் தன் மனத்தை ஊரறியக் காட்டினால் தோற்றுப்போவான் என்பது அது. இதை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. இதிலே பாதி உண்மை. நம் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கைமேல் துண்டைப் போட்டு, அதனடியில் விரலைத் தொட்டுத்தான் விலை பேசுவார்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள்: அந்தத் துண்டு மறைப்பது யாரிடமிருந்து? எதிரே நிற்கும் வியாபாரியிடமிருந்தா? அவன் விரல்தானே உள்ளே இருக்கிறது! மறைக்கப்படுவது சுற்றி நிற்போரிடமிருந்து. அப்படிச் சுற்றி நிற்போரிலே மாட்டுக்குச் சொந்தக்காரனும் ஒருவனாகிவிட்டால்? தரகன் பேசி முடித்துத் துண்டை உதறிய பிறகுதான் அவனுக்கு விலை தெரியுமென்றால், மாடு யாருடையது?

எந்த அளவுக்கு இறங்கிவருவோம் என்ற முடிவை அமைச்சர் நெஞ்சுக்குள் வைத்திருக்கட்டும்; அது முறையான இரகசியம். மேசைமீது வைத்துவிட்ட ஏடு அத்தகையதன்று. எதிர்த்தரப்பு அதை வரிவரியாகப் படித்துவிட்டது. அறியாதவர் மக்கள் மட்டுமே. அந்நியனுக்குக் காட்டியதை, அனுப்பிவைத்தவனுக்கு மறைப்பது எந்த அறத்தின்பாற் படும்?

மறைப்பாவது எல்லோர்க்கும் பொதுவா என்றால், அதுவும் இல்லை. பசிபிக் கடலோர நாடுகளோடு அமெரிக்கா பேசிவந்த உடன்படிக்கையைப் பற்றி, 2012-இல் ரான் வைடன் என்ற செனட்டர் அவையிலே முறையிட்டார். அவர் யார்? செனட்டின் வாணிபத் துணைக்குழுவுக்கே தலைவர்! பெருநிறுவனங்களின் பிரதிநிதிகள் ஆலோசகர்கள் என்ற பெயரில் விவரம் அறிகிறார்கள். காங்கிரசின் பெரும்பாலோர் இருட்டில் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். இரகசியம் காக்கத் தகுதிபெற்ற அவருடைய அலுவலருக்கே ஏடு மறுக்கப்பட்டது. பின்னர் 2015-இல் வந்த சட்டம், கையொப்பத்துக்கு 60 நாள் முன்னதாக ஏட்டை வெளியிடச் சொன்னது, மெச்சத்தக்கதே. ஆனால் அதே சட்டம், ஓர் எழுத்தையும் திருத்தாமல் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும்படி காங்கிரசைக் கட்டிப்போட்டது.

பெர்லினில் பூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. 2016 மே 2-ஆம் நாள், கிரீன்பீஸ் அமைப்பின் நெதர்லாந்துக் கிளை 248 பக்கங்களை வெளியிட்டது. பிராண்டன்பர்க் வாயிலின் எதிரே கண்ணாடிச் சுவர்கொண்ட படிப்பறை ஒன்று எழுந்தது. வானம் இடிந்து வீழ்ந்துவிடவில்லை.

அங்கே பூட்டிய அறையாவது இருந்தது. இங்கே? அயல்நாட்டு உடன்படிக்கையை நிறைவேற்றச் சட்டமியற்றும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 253-ஆம் விதி நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. கையொப்பமிடுமுன் அதன் இசைவைப் பெறவேண்டும் என்று கட்டளையிடும் சட்டம் ஏதுமில்லை. ஆசிய நாடுகளின் பெருங்கூட்டு வாணிப உடன்படிக்கைக்கு 2012 முதல் ஏழாண்டுகள் இந்தியா பேசிற்று. 2019 நவம்பர் 4-ஆம் நாள் பாங்காக்கில் விலகிற்று. நுழைந்தபோதும் வாக்கெடுப்பில்லை, விலகியபோதும் வாக்கெடுப்பில்லை. ‘விலகியது நன்மைதானே, பிறகென்ன குறை?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நன்மையாகவே இருக்கட்டும். தரகன் நல்ல விலை பேசிவிட்டான் என்பதால், மாட்டுக்காரனைக் கேட்காதது சரியாகிவிடுமா என்று திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார், விடை சொல்லவில்லை.

2022 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தோடு இந்தியா உடன்படிக்கை செய்துகொண்டது. முழு ஏடு மக்கள் பார்வைக்கு வந்தது மார்ச்சுத் திங்களில். கையொப்பத்தின் மை அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.