பதினோராவது ஆள்

முத்தையா முரளிதரன் 133 டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தவர். இது எல்லாருக்கும் தெரியும். அதே 133 டெஸ்டில் அவர் 1261 ரன்னும் எடுத்திருக்கிறார், சராசரி 11.67. இதைச் சொன்னால் பெரும்பாலும் சிரிப்புதான் வரும். டெஸ்டில் ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக முப்பது ரன் பக்கம் வரும். முரளி அதில் பாதிகூட இல்லை. ஆனால் கடைசி ஆளாக இறங்குகிறவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் அவர்களுடைய சராசரி பத்தைத் தொடாது. அங்கே முரளி ஒரு படி மேலே. நியூசிலாந்தின் கிறிஸ் மார்ட்டின் 71 டெஸ்டில் 233 விக்கெட், 123 ரன். இந்தியாவின் சந்திரசேகர் 242 விக்கெட், 167 ரன்.

எண் அதேதான். பக்கத்தில் யாரை நிறுத்துகிறோம் என்பதில்தான் அது கேலியாகவோ பாராட்டாகவோ ஆகிறது.

மெர்சிங்கில் இதைப் பேச ஆள் கிடையாது. படகுத்துறைப் பக்கம் கடையில் உட்கார்ந்தால் காற்பந்து, பூப்பந்து, இல்லாவிட்டால் தியோமான் படகு இன்றைக்குக் கிளம்புமா என்கிற பேச்சு. நான் இதையெல்லாம் யோசித்தது வேலையிடத்தில், ஒரு படிவத்தின் முன்னால். வருடக் கடைசியில் எனக்குக் கீழே இருக்கும் டெக்னீசியன்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். அதில் ‘அறிக்கை எழுதுதல்’ என்று ஒரு வரிசை. பக்கத்திலேயே துறையின் சராசரியையும் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், பட்டம் வாங்கிய எங்களையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஒரு அண்ணன் இருக்கிறார். பம்ப் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதச் சொன்னால் மூச்சு வாங்கும்.

அவரை எழுதவே விடாமல் இருக்கலாமே என்று தோன்றும். பேஸ்பால் அதைத்தான் செய்தது. 2021-இல் அமெரிக்காவின் பெரிய லீக்கில் மொத்த பேட்டிங் சராசரி 0.244, பந்து வீசுகிறவர்களுக்கு 0.110. அமெரிக்கன் லீக் 1973-இலேயே அவர்களுக்குப் பதிலாக அடிக்க வேறொருவரை இறக்கியது. 2022 முதல் இரண்டு லீக்கிலும் அதுதான் விதி. கருணை மாதிரிதான் தெரிகிறது. எனக்கு ஏனோ ஒப்பவில்லை. அப்படி ஒரு விதி கிரிக்கெட்டில் இருந்திருந்தால் 2001-இல் கண்டியில் இந்தியாவுக்கு எதிராக முரளி அடித்த 67 இல்லை. அண்ணனிடமும் கேட்டுப் பார்த்தேன், ‘அறிக்கையை நான் எழுதிக் கொடுத்துடவாண்ணே?’ என்று. ‘வேணாம் தம்பி, எனக்குத் தெரிஞ்ச மாதிரி நானே எழுதுறேன்’ என்றார். முகம் கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

சராசரியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். முரளி 164 முறை பேட் பிடித்து 108 முறை அவுட். வகுப்பது இந்த 108-ஆல். 164-ஆல் வகுத்தால் 7.69தான் வரும். மீதி 56 முறை அவர் அவுட் ஆகாமல் நின்றார். பல தடவை எதிர்முனையில் ஆள் முடிந்துபோனதுதான் காரணம். அந்த 108-க்குள்ளும் எல்லா அவுட்டும் ஒன்றல்ல. 2006 டிசம்பர், கிறைஸ்ட்சர்ச். சங்கக்காரா 99-இல் இருக்கிறார், கடைசி ஜோடி, எதிரே முரளி. ஒரு ரன் ஓடி, பேட்டைக் கோட்டுக்குள் வைத்துவிட்டு, சதம் அடித்தவரைப் பாராட்டத் திரும்பி நடந்தார் முரளி. பந்து இன்னும் ஆட்டத்தில்தான் இருந்தது. மெக்கல்லம் ஸ்டம்பைத் தட்டினார். விதிப்படி அவுட். பத்து வருடம் கழித்து, 2016-இல், லார்ட்ஸில் பேசும்போது மெக்கல்லம் அதற்காக மன்னிப்புக் கேட்டார். ஸ்கோர் புத்தகத்தில் ரன் அவுட் அப்படியேதான் இருக்கிறது, அந்த 108-இல் ஒன்றாக.

படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். அறிக்கை வரிசையில் உள்ளதைத்தான் போடுவேன், கூட்டிப் போட்டால் அண்ணனுக்கே பிடிக்காது. ஆனால் அச்சடித்த சராசரிக்குக் கீழே டெக்னீசியன்களை மட்டும் வைத்துப் போட்ட இன்னொரு சராசரியைக் கையால் எழுதப் போகிறேன். குறிப்புக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள், அதில் பம்ப் விஷயம்.