சிறுநீரகத்தின் கடமையும் உடலின் ஞானமும்

உடலின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு நோக்கத்துக்காகவே அமைந்தது என்பது மெய்யியலின் மிகப் பழைய கருத்துகளில் ஒன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன் அதற்குச் சான்றாகச் சிறுநீரகத்தையே எடுத்துக்கொண்டார். குடித்த நீர் ஆவியாகிச் சிறுநீர்ப்பையில் திரள்கிறது, சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை என்ற அஸ்கிளெப்பியாடிஸின் கூற்றை மறுக்க, உயிருள்ள விலங்கின் சிறுநீர்க் குழாய்களைக் கட்டிக் காட்டினார். இயற்கை எதையும் வீணாகச் செய்வதில்லை என்பது அவர் முடிவு. 1932இல் உடலியலாளர் வால்டர் கேனன் தம் நூலுக்கு ‘உடலின் ஞானம்’ என்றே பெயரிட்டார். இந்த ஞானத்தின் எல்லை எது என்பதை, தளரத் தொடங்கும் இதயம் தெளிவாகக் காட்டுகிறது.

ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இடது கீழறை தளரும்போது முதலில் மூச்சிரைப்போ கால் வீக்கமோ இருப்பதில்லை. ஆனால் மாற்றம் தொடங்கிவிடுகிறது. அழுத்தம் கூடி விரியும் மேலறைகள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்டும் அவர் குழுவினரும் எலியின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் சிறுநீரும் அதில் வெளியேறும் சோடியமும் வெகுவாகக் கூடின. இதயம் வெறும் பம்பு அல்ல, சிறுநீரகத்துக்குச் செய்தி அனுப்பும் சுரப்பியும்கூட என்பது இதனால் உறுதியானது. அந்த ஹார்மோன் உப்பை வெளியேற்றும். இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். உப்பைத் தேக்கச் செய்யும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டையும் அடக்கும். அதனால்தான் நரம்புகள் சுரக்கும் நார்அட்ரினலின் கூடத் தொடங்கிய பிறகும், ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு ரெனின் இயல்பாகவே இருக்கிறது.

இந்தச் சமநிலை நெடுநாள் நிற்பதில்லை. இரத்த ஓட்டம் மேலும் குறைந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதன் வழி ஆஞ்சியோடென்சின் உருவாகிறது. அது சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் நுண்தமனியை இறுக்கி, குறைந்த ஓட்டத்திலும் வடிகட்டலைக் காக்கிறது. ஆல்டோஸ்டிரோன் உப்பையும், வாசோபிரசின் நீரையும் தேக்குகின்றன. விபத்தில் இரத்தம் இழந்தவருக்கு இவை உயிர் காப்பவை. ஆனால் ஓட்டம் குறைந்தது இரத்தப்போக்காலா, இதயத் தளர்ச்சியாலா என்று பிரித்தறியச் சிறுநீரகத்துக்கு வழி இல்லை. அது தன் கடமையைப் பிழையின்றிச் செய்கிறது. தேங்கிய நீர் தளர்ந்த இதயத்தின் மேல் சுமையாக ஏறுகிறது. ஆல்டோஸ்டிரோன் இதயத் தசையில் நார்த்திசுவும் பெருகச் செய்கிறது.

உடலின் எதிர்வினையெல்லாம் ஞானமே என்றால், அதைத் தடுப்பது கேடாக முடிய வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு. ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் எனாலாப்ரில், கடும் இதயச் செயலிழப்பில் இறப்பைக் குறைக்கிறது என 1987இல் தெரிந்தது. அறிகுறியற்ற ஆரம்பக் கட்டத்திலும் அது நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகிறது என 1992இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதற்குப் பரிணாமம் தரும் விளக்கம் வலுவானது. இரத்தப்போக்கும் உப்புப் பற்றாக்குறையும் இளமையிலேயே கொன்றன. இதயத் தளர்ச்சி பெரும்பாலும் பிள்ளை பெறும் வயது கடந்தே வருகிறது. ஆகவே இயற்கைத் தேர்வு முன்னதற்கான காவலையே கூர்மையாக்கியது. சிறுநீரகத்துக்குப் பணி உண்டு என்பதில் கேலன் சொன்னது சரி; அப்பணி எப்போதும் முழு உடலின் நன்மைக்கே என்பது அதிலிருந்து வராது. 1790இல் கான்ட் இதைவிடக் கவனமாகப் பேசினார். உயிரியின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று நோக்கமாகவும் கருவியாகவும் இருப்பதாக நாம் கருதியே ஆக வேண்டும். ஆனால் அது நம் ஆராய்ச்சியை நடத்தும் நெறி, இயற்கை தன்னுள் ஒரு நோக்கம் கொண்டிருப்பதற்கு நிரூபணம் அல்ல என்றார். இன்றைய சிகிச்சையோடு அந்த நிலைப்பாடே ஒத்துப்போகிறது. சாகுபிட்ரில், வால்சார்டன் கூட்டு மருந்து இதயத்தின் ஹார்மோன் சிதையாமல் காத்து, ஆஞ்சியோடென்சினின் செயலைத் தடுக்கிறது. இரண்டு எதிர்வினைகளும் அதே உடலிலிருந்து எழுபவை. எதை வளர்ப்பது, எதை அடக்குவது என்பதை மருத்துவர் தீர்மானிக்கிறார்.